பன்னிரண்டாவது கூடாரம்

அவையின் நடுவே அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விடுமுறை உலா மன்றத்தின் தலைவர் அவர்களே! வரவேற்புரையிலேயே வருடம் முழுவதும் நடந்ததை வாய் ஓயாமல் சொல்லி முடித்த செயலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! ஓய்வு நாளிலும் ஓயாமல் உழைத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது உட்காரலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கித் தந்த அன்பரே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கூடாரத் தையல்காரனின் பணிவான வணக்கம்.

"குறைந்த விலையில் குடும்பக் கூடாரம் தேர்ந்தெடுப்பது எப்படி?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பேசுகிறேன். ஆனால் உங்களிடம் ஒளிக்க மாட்டேன். நான் இங்கே பேச மட்டும் வரவில்லை. ஒன்றைத் தேடி வந்திருக்கிறேன்.

என் கையால் நான் கெடுத்த கூடாரங்கள் பன்னிரண்டு. பதினொன்றைத் தேடிப்பிடித்து, தையலைப் பிரித்துவிட்டேன். ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. அது யாரோ ஒருவர் வீட்டில் மடித்தபடி கிடக்கிறது. அதற்குள் ஒரு குடும்பம் படுப்பதற்கு முன் நான் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தையல்காரன் துணியைக் கெடுப்பது புதிதா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா, அளவு தப்பிய சட்டையைக் கொண்டு வந்து என் முகத்தில் எறிந்துவிட்டுப் போய்விடலாம். நான் சொல்வது அந்தக் கேடு அல்ல.

முதலில் தலைப்புக்கு வருகிறேன். இல்லாவிட்டால் செயலாளர் சீட்டு அனுப்புவார்.

கூடாரப் பையின் மேல் "நான்கு பேர்" என்று அச்சடித்திருக்கும். எந்த நான்கு பேர்? புரண்டு படுக்காத நான்கு பேர்! பை இல்லாத, செருப்பு இல்லாத, சண்டை போடாத நான்கு பேர்! அப்படி ஒரு குடும்பம் உங்களில் யாருக்காவது வாய்த்திருக்கிறதா? அம்மா, அங்கே நீங்கள் தலையாட்டுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் ஆட்டவில்லையே! ஆகவே நான்கு பேருக்கு ஆறு பேர் கூடாரம் வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஏரிக்கரையில் தங்கப் போகிறவருக்கு விலை உயர்ந்த கூடாரம் வேண்டியதில்லை. மேலுறை தரைவரை இறங்குகிறதா என்று பாருங்கள். அடித்துணி ஓரத்தில் ஒரு சாண் உயரமாவது ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். வாங்கிய அன்றே வீட்டு மொட்டை மாடியில் விரித்து, குடும்பத்தோடு உள்ளே படுத்து, வெளியே ஒருவரை நிறுத்தித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மனைவியை ஊற்றச் சொன்னால் வாளி வாளியாக ஊற்றுவார், சோதனை சரியாக நடக்கும்.

இவ்வளவும் எந்தக் கடைக்காரரும் சொல்வார். கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. கூடாரத்தின் உச்சியில், மேலுறைக்குக் கீழே, இரண்டு பக்கமும் உள்ளங்கை இரண்டின் அகலத்தில் வலை வைத்திருப்பார்கள். அது எதற்கு?

சொல்லுங்கள், எதற்கு? "அழகுக்கு" என்கிறார் பின்வரிசை நண்பர். நல்லது. நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். துணியை மிச்சம் பிடிக்கத் துளை விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடமாகத் தைக்கிறவன், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒருவர் கூடாரத்தோடு கடைக்கு வந்தார். "மேல இருக்குற வலை வழியா குளிர் இறங்குது. பிள்ளைங்க நடுங்குது. அதை மூடித் தைச்சுக் குடுங்களேன்" என்றார். தைத்தேன். நீர் புகாத துணியை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, தையல் மேல் பசையும் தடவி, ஊசி முனையளவு காற்றுக்கூட நுழையாதபடி தைத்தேன். அவர் மகிழ்ந்து போனார். அவர் சொல்லி அடுத்தவர் வந்தார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். கடை வாசலில் பலகை ஒன்றும் எழுதி வைத்தேன்: "கூடாரக் குளிருக்கு இங்கே முடிவு." எப்படிப்பட்ட முடிவு என்று அன்று எனக்குத் தெரியாது.

அதில் ஏழாவது கூடாரம் என் தங்கையுடையது.

தங்கை, லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், எட்டு வயது மகள். அந்தப் பிள்ளையை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்திலும் பேசுகிற பிள்ளை. நான்காவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டு மலையடிவார முகாமுக்குப் போனார்கள். மதியம் கூடாரத்தை விரித்தோம். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. வெளியே கரி அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், புகை அடங்கிடுச்சு, வெறும் கங்குதான். உள்ள வச்சா கதகதப்பா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"மூச்சு முட்டாதா?" என்றாள் தங்கை.

"நான் நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள கிடக்குறவன். அடைச்ச இடம் எனக்குப் பழக்கம்."

நான் என்ன சொன்னேன்? "உள்ள வைங்க மாப்பிள்ளை, என் தையல் சூட்டை வெளிய விடாது" என்றேன். பெருமையாகச் சொன்னேன்!

ஜிப்பை இழுத்தோம். அடுப்பு சிவந்தது. உள்ளே கதகதப்பானது. கொஞ்ச நேரம் இன்பமாகத்தான் இருந்தது. பிறகு கூரையின் உட்புறத்திலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மழை உள்ளே வரவில்லை. என் தையல் வழியாக மழை வராது. அது எங்கள் மூச்சு. வெளியே போக வழியில்லாமல், துணியில் ஒட்டி, நீராகி, எங்கள் மேலேயே விழுந்தது.

அப்போதுதான் அந்தக் காலடி கேட்டது.

கூடாரத்தைச் சுற்றி யாரோ நடந்தார்கள். அவசரமில்லாத நடை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளை தலையைத் திருப்பி அது போகிற பக்கமெல்லாம் பார்த்தார். அவருக்கும் கேட்டது!

"அண்ணா" என்றாள் தங்கை, மெல்ல. "வெளிய யாரோ என்னைக் கூப்பிடுறாங்க."

"யாரு?"

"தெரியல. என் குரல்லயே கூப்பிடுறாங்க."

அன்பர்களே, பட்டப்பகல். கைக்கெட்டும் தூரத்தில் வாசல். நான்கு பேர் கூட இருக்கிறோம். ஆனாலும் பயந்துவிட்டேன். தலை கனத்தது, கண்ணுக்குள் இடித்தது. துணிச்சுவர் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக, தானே மூச்சு விடுவதுபோல் இருந்தது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து வந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஐந்துதான் வந்தது.

பயந்தவர்கள் என்ன செய்வார்கள்? கதவைத் திறப்பார்களா? மாட்டார்கள்! நாங்களும் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஜிப்பின் இரு முனைகளையும் சேர்த்துக் கயிறு கட்டினார். தங்கை போர்வையைச் சுருட்டி வாசலின் அடி இடுக்கில் திணித்தாள். வெளியே இருப்பவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, நாங்களே, எங்கள் கையாலேயே, ஒவ்வொரு இடுக்காகத் தேடித் தேடி அடைத்தோம். கொல்லுகிறவனை உள்ளே வைத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டோம்!

பிறகு ஒரு அமைதி வந்தது. எதனால் என்று எனக்கு உடனே புரியவில்லை. வாயாடி பேச்சை நிறுத்தியிருந்தாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. தூங்குகிறாள் என்று நினைத்தோம். தங்கையும் அவள் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தலை தொங்கிப் போனார். காலடி மட்டும் நிற்கவில்லை.

என்னால் எழ முடியவில்லை. ஆனால் அந்த ஆள் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் இருந்தது. சட்டைப் பையில் தையல் பிரிக்கும் சிறு கத்தி எப்போதும் இருக்கும். வாசலைத் திறக்கத் துணிவில்லாதவன், கூடாரக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, உச்சியில் நான் தைத்த ஒட்டுத் துணியைக் கிழித்தேன். எட்டிப் பார்க்க ஒரு துளை போதும் என்று கிழித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. காப்பாற்றவேண்டும் என்று செய்யவில்லை. அந்தப் புகழ் எனக்கு வேண்டாம்.

மேலுறையை விரலால் தூக்கிப் பார்த்தேன். வெளியே ஒருவரும் இல்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. வாய் வைத்துக் குடித்தேன் அந்தக் காற்றை. பத்து மூச்சு, இருபது மூச்சு. காலடிச் சத்தம் தேய்ந்தது. திரும்பி உள்ளே பார்த்தேன். மூன்று பேர் கிடந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

துணியைக் குறுக்கே கிழித்து, பிள்ளையை முதலில் சேற்றுக்கு இழுத்தேன். பிறகு தங்கையை. பிறகு மாப்பிள்ளையை. முகாம் காவலர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. கூடாரத்தைச் சுற்றியிருந்த சேற்றில், நான் இழுத்துப் போட்ட தடத்தைத் தவிர, ஒரு காலடித் தடம் கூட இல்லை என்று காவலர் பிறகு சொன்னார்.

மருத்துவர் விளக்கினார். அணைந்ததுபோல் இருக்கும் கங்கு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூளையை மயக்கும், காதை ஏமாற்றும். "நீங்க கேட்டது உங்க ரத்தம் காதுல இடிச்ச சத்தமா இருக்கலாம்" என்றார். சரி டாக்டர், நான்கு பேரை ஐந்து என்று எண்ணினேனே, அது எப்படி என்றேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

தங்கை பிழைத்தாள். மாப்பிள்ளை பிழைத்தார். வாயாடியும் பிழைத்தாள். ஆனால் அவள் இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசுகிறாள். "மாமா, அந்த... அந்த... தைக்கிறது, அது பேர் என்ன?" என்று ஊசியைக் காட்டிக் கேட்கிறாள். ஊசி என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் பின்னால் போய் அழுகிறேன்.

எனவே கேளுங்கள்! விலை குறைந்த கூடாரம் வாங்குங்கள், குறையில்லை. உச்சியில் ஒரு வலை, அடியில் ஒரு வலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிரடித்தால் கம்பளி போர்த்துங்கள். வலையை மூடாதீர்கள்! வலை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அடுப்பை உள்ளே வைக்காதீர்கள்! வாசல் திறந்திருந்தாலும் வைக்காதீர்கள்! கரி வேண்டாம், வாயு அடுப்பு வேண்டாம், கங்கு வேண்டாம், கங்கின் சாம்பலும் வேண்டாம்!

இப்போது நான் தேடி வந்த பொருள். ஆரஞ்சு நிறக் கூடாரம், சாம்பல் நிற மேலுறை. உச்சியில் நீல ஒட்டுத் துணி, பழுப்பு நூலில் இரட்டைத் தையல். கொண்டு வந்தவர் முகம் நினைவில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால், அல்லது பக்கத்து வீட்டில் பார்த்திருந்தால்...

என்னம்மா? ஐந்தாவது வரிசை அம்மா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காராதீர்கள், சொல்லுங்கள். கொஞ்சம் அமைதி, அம்மா பேசட்டும். "எங்க மருமக தைக்கக் குடுத்தா" என்கிறீர்களா? நீல ஒட்டா? நீலம்தானா அம்மா?

நல்லது, மிக நல்லது. இப்போது அது எங்கே இருக்கிறது?

...இன்று மதியம். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மலையடிவாரத்துக்கு. கரி எடுத்துப் போனார்களா?

தலைவர் அவர்களே, மன்னியுங்கள், மலைப் பக்கம் மூன்று மணியிலிருந்து மழை. முகாம் காவலர் எண் என்னிடம் இருக்கிறது. செயலாளர் ஐயா, இந்தாருங்கள், பிடியுங்கள், உடனே பேசுங்கள். வெளியே வண்டி வைத்திருப்பவர் யார்? வாருங்கள் தம்பி, நான் வழி சொல்கிறேன். அழைத்த மன்றத்துக்கு நன்றி. கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. எழுந்து நின்ற தாயே, உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். மகனைக் கூப்பிட்டீர்களா? மணி அடிக்கிறது, எடுக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? வைத்துவிடாதீர்கள் அம்மா. அவர்கள் எடுக்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.