விதவை என்ற கட்டம்

வடலூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள், நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலைக்கான கேட் பாஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“விதவைன்னு போட்டுடறேங்க்கா.”

“போடாத பிள்ளை. நான் விதவை இல்ல.” பேச்சைக் கேட்டால் இலங்கைக்காரர்.

“இத்தினி வருஷமா ஆளு வரலியேக்கா. இன்னும் குங்குமம் வச்சிகினு...”

“சண்டை முடிஞ்ச அண்டைக்கு, விசாரிச்சிட்டு விடுறமெண்டு ஆமிக்காரர் என்ர கையாலதான் அவரை வாங்கிக்கொண்டு போனவை. காணாமல் போனவருக்கு என்ன நடந்ததெண்டு குடும்பத்துக்குச் சொல்லோணுமெண்டு உலகச் சட்டமே இருக்கு. செத்தாரெண்டா அவங்கள் எழுதித் தரட்டும். அவங்களுக்காக நான் ஏன் எழுதோணும்?”

“அப்ப இந்தக் கட்டத்துல இன்னாதான் போடறது?”

அவர் பேனாவைப் பிடுங்கி, பின்னால் இருந்த எனக்கே தெரியும்படி பெரிதாக எழுதினார்: ‘ஒப்படைத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.’