மச்சானின் திரையில் பச்சை முள்

குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஐயா. என் மச்சானை அப்படி உட்காரவைத்தவனே நான்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சாய ஆலையில் பாய்லர் அவன் பொறுப்பு. கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. நீராவி அழுத்தத்தை வட்டத்தில் ஆடும் முள்ளாகக் காட்டும் புரோகிராம் பாய்லர் கொட்டகையிலிருந்த கம்ப்யூட்டரில் ஓடியது. அந்த வெக்கையில் நின்று அதைப் பார்க்க மச்சானுக்கு உடம்பு வணங்கவில்லை. அதனால் பாதுகாப்பான இணைப்பு ஒன்றைப் போட்டு, புரோகிராம் அங்கே ஓட, அதன் ஜன்னல் மட்டும் கொட்டகையில் தெரியாமல் இவன் மேஜைத் திரையில் தெரியும்படி செய்துகொடுத்தேன். வெளியாள் ஒருவனும் உள்ளே நுழைய முடியாது. நான் வெளியாள் இல்லையே.

நிர்வாகம் பூரித்துப்போய் மச்சானுக்குப் பதவி உயர்வு தந்தது. அன்று வீட்டில் விருந்து. என் மாமனாரிடம் சொன்னான்:

“யோசனை பூரா என்னோடதுப்பா. மாமா சும்மா டைப் அடிச்சுக் குடுத்தாரு.”

மாமனார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துப் போகவேண்டும் அல்லவா.

அந்த இணைப்பில் ஒரு சௌகரியம் உண்டு. மச்சானின் திரையில் ஜன்னல் திறக்கக் கொட்டகைக் கம்ப்யூட்டருக்கு உரிமை கொடுத்தாயிற்று. எந்த ஜன்னல், யார் வரைந்தது என்றெல்லாம் திரை கேட்காது. கொட்டகைக் கம்ப்யூட்டரோ என் கையில். அதே வட்டம், அதே எழுத்து, முள் மட்டும் எப்போதும் பச்சையிலேயே லேசாக ஆடும்படி ஒரு ஜன்னல் செய்து, அசல்மேல் அச்சுப் பிசகாமல் பொருத்தினேன். அசலை என் திரைக்குத் திருப்பிக்கொண்டேன். யோசிக்கிற ஆள் ஆயிற்றே, கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அழுத்தம் மீறினால் நீராவியைத் தானே வெளியே விடும் பாய்லரின் பாதுகாப்பு வால்வு அப்போது பழுது. ஆலையை நிறுத்த மனமில்லாத நிர்வாகம், முள்ளைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்று மச்சானுக்கு உத்தரவு போட்டிருந்தது. அவனும் எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஒருநாள் மத்தியானம் கொட்டகையில் தீ போடுகிற பெரியவர் போன் செய்தார். மச்சான் ஸ்பீக்கரில் போட்டான். அடுத்த அறையிலிருந்த எனக்கும் கேட்டது.

“சார், உள்ள சத்தம் வேற மாதிரி இருக்கு சார். தீயக் குறைச்சிடவா?”

“முள்ளு பச்சையில அழகா நிக்குது. சும்மா பயந்து சாகாதீங்க, வேலையப் பாருங்க.”

நல்ல மனிதர் அந்தப் பெரியவர். நான் இணைப்புப் போடப் போனபோது, அங்கிருந்த ஒரே ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

என் திரையில் முள் சிவப்பைத் தாண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அடுத்தவர் பொறுப்பில் மூக்கை நுழைப்பது என் வழக்கமில்லை. டீயை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

கொட்டகை கூரையோடு கிளம்பிப் போயிற்று. பெரியவரோடு இன்னும் இரண்டு பேர். மச்சான் இப்போது உங்கள் காவலில்; “நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். என் மனைவி தோளில் சாய்ந்து அழுகிறாள்.

“அவன் அப்படி அசட்டையா இருக்கிற ஆளு இல்லீங்க.”

“எனக்குத் தெரியாதாம்மா” என்கிறேன். பொய் சொல்லவில்லையே.

இதையெல்லாம் வந்து சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மச்சானுக்காகவும் வரவில்லை. விபத்துக்குக் காரணம் கம்ப்யூட்டர் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு என்று நீங்கள் முடிவு கட்டப்போவதாகக் காதில் விழுந்தது. அதை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள், ஐயா. நான் போட்ட இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. கடைசி நொடிவரை அது ஒரு தடவைகூட அறுபடவில்லை.