பெயரை மறைத்துப் படித்தவருக்கு

எழுதியவர் முகம் பாராமல் எழுத்தின் முகம் பார்த்தவரே! எடுத்த எடுப்பில் எவர் சொல்லையும் ஏற்காத எங்கள் தலைமை நிரலாளரே! ஐயுற்று ஐயுற்றே அறியாத நோயாளிகளின் உயிருக்கு அரணாய் நின்ற அம்மையீர்! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் இக்குழுவில் பணியாற்றி இன்று விடைபெறுகிறீர்கள். மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் இரத்தம் சொல்லும் சேதியை மருத்துவரின் திரைக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் நம்முடையது. அதில் ஒரு வரியை மாற்றினாலும் அது தங்கள் கண்ணைத் தாண்டியே போகவேண்டும். "இன்னதை மாற்றியிருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று விளக்கம் எழுதி அனுப்பும் கோரிக்கைக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர்; எங்கள் வாயில் அது பி.ஆர். தாங்கள் படித்துச் சரி என்ற பிறகே அது பொது நிரலில் கலக்கும். முதல் முறையிலேயே தங்களிடம் சரி வாங்கியவர் இக்கூடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கும் இல்லை.

தங்களைப் பொறுமைக் கடல் என்று எழுதலாமா என்று முதலில் எண்ணினோம். எங்களுக்கே நம்பிக்கை வராததால் விட்டுவிட்டோம். அதற்கு மாறாக, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மின்னல் என்று நாம் அழைக்கும் நண்பரின் கதை அது. அவர் இசைவோடுதான் எழுதுகிறோம்.

மற்றவர் காபியை ஆற்றிக் குடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுபவர் மின்னல். அவருடைய பி.ஆர்.களின் தலைப்பு எப்போதும் ஒன்றே: "சில திருத்தங்கள்." விளக்கம்: "வேலை செய்கிறது." அதற்குக் கீழே மாறிய கோப்புகள் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடித்து நிற்கும். தாங்கள் மூன்று கேள்விகளைப் போட்டுத் திருப்புவீர்கள்: "எது? யாருக்கு? ஏன்?"

சில ஆண்டுகளுக்கு முன் குழுத் தலைவர் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. வேலையெல்லாம் வாசலிலேயே தேங்கி நிற்பவரை யார் தலைவராக்குவார்கள்? தாங்கள் திட்டமிட்டே தடுக்கிறீர்கள் என்ற ஐயம் அவர் மனத்தில் விழுந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மின்தூக்கியில் தாங்கள் கைப்பேசியைப் பார்த்தது, அவர் வரும்போது கண்ணாடிக் கதவைச் சாத்தியது, கூட்டத்தில் அவர் பேசும்போது தண்ணீர் குடித்தது என எல்லாமே சாட்சியாயின.

"அந்தம்மாவுக்கு என் பேரைக் கண்டாலே ஆகலை. வேணும்னே திருப்புறாங்க," என்று மனைவியிடம் புலம்பினார்.

"உங்க அம்மாகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லப்பா. மாமியார் உங்களுக்குத்தான் வாய்ச்சிருக்காங்க, அதுவும் ஆபீஸ்ல!" என்று அவர் சிரித்தார். மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பி.ஆர். திரும்பி வந்தால் வேலையை விட்டுவிடுவது என்று அப்போது முடிவுசெய்தார். ஆனால் போகுமுன் தங்கள் குட்டை உடைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

அலுவலகத்தில் மின்னலுக்கு எதிரே அமர்ந்திருக்கும் தோழியை நாம் எதிர்மேசை என்றே அழைக்கிறோம். மறுநாள் மதிய உணவின்போது மின்னல் அவரிடம் குரலைத் தாழ்த்தினார்.

"என் மாத்தத்தை உன் பேர்ல அனுப்பு. உன்னுதை நான் என் பேர்ல அனுப்பறேன். உன் பேர்ல போறது பாஸாகி என் பேர்ல போறது திரும்பி வந்தா, விஷயம் முடிஞ்சுது."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டப்போறது அவங்க."

"அது சரி. நான் என்னன்னு எழுதறது? அந்தம்மா கேட்டா நான்ல பதில் சொல்லணும்! இது எதுக்கு, சொல்லு."

"பழைய முடிவு திரையில நிக்குது. அதுக்கு."

"எந்தப் பழைய முடிவு?"

"ஒரு சோதனையை ரெண்டாந்தடவை செஞ்சாலும் டாக்டருக்கு முதல் முடிவே தெரியுது தாயே."

"அடப்பாவி! இவ்ளோ பெரிய விஷயத்தையா 'சில திருத்தங்கள்'னு அனுப்ப இருந்தே? சரி, நிரலுக்குள்ள சில பேரை மாத்தியிருக்கியே, அது எதுக்கு?"

"கண்ணுல பட்டுது, மாத்திட்டேன்."

"அப்ப அது தனியாப் போகட்டும். ரெண்டு முடிவும் ஒரே நேரத்துல வந்தா எது நிக்கும்?"

மின்னல் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "தெரியல," என்றார்.

எதிர்மேசை மாற்றத்தை இரண்டாகப் பிரித்தார். முதன்மையானதற்கு "மறுசோதனைக்குப் பின்னும் மருத்துவர் திரையில் பழைய முடிவே தெரிவதைச் சரிசெய்தல்" என்று தலைப்பிட்டார். பிழை எப்படி வருகிறது, எந்தக் கோப்பை முதலில் படித்தால் புரியும், சரியாகிவிட்டதா என்று எப்படிச் சோதிக்கலாம் என்றெல்லாம் சிறு சிறு வாக்கியங்களில் எழுதினார். கடைசியில் ஒரு வரி: "இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதில் எனக்கே சந்தேகம், அந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்."

எதிர்மேசையின் மாற்றத்தை மின்னல் தம் வழக்கப்படி அனுப்பினார். "பிரிண்ட் சரி செய்யப்பட்டது."

மாலைக்குள் எதிர்மேசை பெயரில் போனது, அந்த ஐயத்துக்கு விடையாகத் தாங்கள் சொன்ன ஒரு சிறு திருத்தத்தோடு ஏற்கப்பட்டது. மின்னல் பெயரில் போனது மூன்று கேள்விகளோடு திரும்பியது. "பாத்தியா!" என்று மின்னல் மேசையைத் தட்டிய வேளையில் தாங்கள் பின்னால் நின்றிருந்தீர்கள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தீர்கள். எங்கள் வரிசை முழுதும் தட்டச்சை நிறுத்திவிட்டது.

"பேரை மாத்திக்கிட்டீங்களா? எழுதின கோட் பேரோட ஒட்டலையே."

எதிர்மேசை கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார். மின்னல் எழுந்து நின்றார். "ஆமா மேடம். அவ பேர்ல வந்தது நான் எழுதின கோட். பாஸ் பண்ணிட்டீங்க. என் பேர்ல வந்தது அவ கோட். திருப்பிட்டீங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சத்தமாப் படி. கோட் இல்ல, மேல எழுதியிருக்கற விளக்கத்தை."

படித்தார். தாம் செய்த வேலை இன்னதென்று அன்றுதான் அவர் தம் காதால் கேட்டார். குரல் மெல்ல இறங்கியது. அடுத்ததற்கு வந்தார். "பிரிண்ட் சரி செய்யப்பட்டது." அதோடு முடிந்தது. எந்தப் பிரிண்ட், அதற்கு என்ன கேடு வந்திருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த 'எனக்கே சந்தேகம்'ங்கற வரி யாருது?" என்று கேட்டீர்கள்.

"அவ கேட்டா. எனக்குத் தெரியல. அப்படியே எழுதிட்டா."

"அந்த ஒரு வரி இருந்ததாலதான் மத்த வரியெல்லாம் நம்பினேன்."

அத்தோடு எழுந்து போயிருந்தால் வென்றவராய்ப் போயிருப்பீர்கள். போகவில்லை. எல்லோர் காதிலும் விழவே சொன்னீர்கள்: "ஆனா, நீ சந்தேகப்பட்டதும் முழுப்பொய் இல்ல. இப்பல்லாம் உன் பேரைப் பாத்ததுமே எனக்கு எரிச்சல் வருது. படிக்கறதுக்கு முன்னாடியே. அது என் தப்பு."

மறுநாள் காலை தங்கள் திரையில், அனுப்பியவர் பெயர் வரும் இடத்தில், ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அன்று தொட்டு நேற்றுவரை அப்படித்தான் படித்தீர்கள். பிறரை ஐயுறுவார் பலர், அம்மையீர்! தம் கண்ணையே ஐயுற்று, அதை மறைத்துக்கொண்டு நீதி வழங்கியவரைத் தங்களிடமே கண்டோம்.

குழுத் தலைவர் பொறுப்பு அந்த ஆண்டு எதிர்மேசைக்குப் போயிற்று. மின்னல் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வேலையை விடவில்லை. ஒரு பி.ஆர். அனுப்புமுன் தாம் எழுதிய விளக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்தது. பக்கத்து இருக்கையினருக்கு அது தொல்லைதான், பொறுத்துக்கொண்டோம்.

சென்ற மாதம், தங்களுக்குப் பின் யார் படிப்பது என்று மேலாளர் கேட்டார். தாங்கள் மின்னலின் பெயரைச் சொன்னீர்கள். அவர் அன்றே தங்கள் அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வரவில்லை.

"ஏன் மேடம் நானு? இதுல வேற ஏதாவது இருக்கா?"

"இத்தனை பேரும் என்னை நம்பிட்டு சும்மா இருந்தாங்க. நீ ஒருத்தன்தான் நம்பாம, சோதிச்சும் பாத்தே," என்றீர்கள். "அந்த வேலைக்கு அது போதும்."

நாளை முதல் நம் மாற்றங்களை அவர் படிப்பார். மறைக்கவேண்டாம் என்பதால் சொல்கிறோம்: அவரை நாங்கள் இன்னும் முழுக்க நம்பவில்லை. அவர் சரி என்பதையும் ஏன் என்று கேட்போம். அவர் திருப்புவதையும் ஏன் என்று கேட்போம். அவருக்கும் அது தெரியும். ஆகவே தாங்கள் இந்த வேலையை எண்ணிக் கலங்காமல் போய்வரலாம்.

மூட்டு நோவறியாது, கண்ணொளி குன்றாது, படிக்க எடுத்துப் பாதியில் வைத்த புத்தகங்களையெல்லாம் படித்து முடித்து, பேச விருப்பமில்லாத பொழுதுகளில் பேசாமலிருக்கும் சுகத்தோடு, நூறாண்டும் அதற்கு மேலும் நலமாக வாழ்க!

தங்களால் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டு,
அதனால் தலைநிமிர்ந்து நிற்கும்
சோதனைக்கூட மென்பொருள் குழுவினர்