பாவடியில் குடியிருப்பவர்கள்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் செல்போனை அணைத்துவிட்டேன்.

“எங்க பங்களா தெருவுல ஒரு பணக்காரங்க கூட இல்லன்னு ஆயிடுச்சி.”

“என்னாக்கா சொல்ற?”

“நாங்க காவலுக்குத் தங்கியிருக்கற பங்களாவுக்கு சென்சஸ் எடுக்க டீச்சர் வந்தாங்க. இந்த வூட்ல யார் தங்கிகினு கீறீங்கன்னாங்க. நானு, வூட்டுக்காரு, ரெண்டு பசங்கன்னேன். ஓனரு குடும்பம் பெங்களூர்ல கீது, பொங்கலுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. அவங்கள எப்பிடி சேக்கறது? பக்கத்து வூட்ல வாட்ச்மேன் குடும்பம், எதிர் வூட்ல சமையல்காரம்மா. எல்லாரும் இருக்கறதத்தான் சொன்னாங்க.”

“ஏரியா பேரு?”

“கேட்ல ராயல் கார்டன்னு போட்டுக்கீது. நான் பாவடின்னேன். நெசவுக்காரங்க பட்டுப் பாவு நீட்டிகினு இருந்த எடந்தானே? ஆட்டோக்காரங்கிட்ட ராயல் கார்டன்னு சொல்லிப் பாரு, முழிப்பான்.”

“ஓனருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்.”

“நானேதான் போன்ல சொன்னேன். ஒரே கத்தல். டீச்சரக் கூப்ட்டு எங்க பேரப் போடச் சொல்லு, இல்லன்னா வேலைய வுட்டு நின்னுக்கோன்னாரு.”

“நீ என்னா சொன்ன?”

பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவர் மடியில் சரிந்த பையை நேராக்கிக்கொண்டார்.

“நின்னுக்கறேன் சார்னேன். ஆனா டீச்சர் மறுபடி வந்து பெல் அடிச்சா, கதவத் தொறக்க நீங்கதான் பெங்களூர்லேந்து வரணும்னேன்.”