நாற்பத்தோராம் பக்கத்து ‘வெளிப்படை’

தம் குறிப்பேட்டின் மீது ஒருநாளும் ஐயம் கொள்ளாத துறைத்தலைவரே, இந்த அவைக்கும் தலைவரே! களைப்பு தீருமுன் மூன்று பேச்சுகளைப் பொறுத்துக்கொண்ட வெளித்தேர்வாளர் அம்மையாரே! முன்வரிசையில் கண்மூடிக் கணிதம் சிந்திக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு, என்ன படிக்கிறார்கள் என்று கேட்க அஞ்சி வாழும் தாய்மார்களே! என் மகளை மடியில் வைத்திருக்கும் மாமியாரே! அனைவருக்கும் வணக்கம்.

நன்றியுரைக்கு அழைத்தார்கள். நன்றி சொல்லப் பெண்குரல்தான் பொருத்தமாம். சொல்லத்தான் வந்திருக்கிறேன். எதற்கு நன்றி என்பதையும் சொல்ல வேண்டாமா?

நான் படிப்பது முதுகலை இயற்கணிதம், வளையங்களும் மாட்யூல்களும். வளையம் என்றால்? கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம்; வகுத்துப் பிரிய மட்டும் உத்தரவாதம் இல்லை. கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூல் என்றால்? அந்தக் குடும்பம் ஆட்டுவிக்க ஆடுவது. மருமகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைக்காதீர்கள் அத்தை, உவமைதான்.

தலைவரின் குறிப்பேடு, பதினான்கு ஆண்டுகளாகப் படியெடுத்துப் படியெடுத்து மை மங்கிய காவியம். அதன் நாற்பத்தோராம் பக்கம் முழங்குகிறது: ஒரு மாட்யூல் முழுவதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்புகளே கூட்டியும் பெருக்கியும் பிறப்பிக்குமானால், அதனுள் அடங்கிய எந்தச் சிறு மாட்யூலையும் அப்படியே சில உறுப்புகள் பிறப்பிக்கும். நிரூபணம்? ஒரே சொல். ‘வெளிப்படை.’

யாருக்கு வெளிப்படை? எங்கே வெளிப்பட்டது? வெளிப்பட்டபோது கூட இருந்தவர் யார்?

என் மகள் பகலில் நாற்பது நிமிடம் தூங்குவாள். அதுதான் என் வகுப்பறை. மூச்சு சீராக வருகிறதா, போர்வை முகத்தில் விழுந்ததா என்று ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டே, பதினொரு தூக்கங்கள் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன். பன்னிரண்டாம் தூக்கத்தில் அது உடைந்தது.

மாறிகள் முடிவில்லாமல் வரிசைகட்டும் பல்லுறுப்புக்கோவைகளின் வளையத்தை எடுங்கள். அதுதான் நம் பெரிய மாட்யூல். அந்த முழு மாளிகையையும் பிறப்பிக்க ஒரே சாவி போதும்: ‘ஒன்று’ என்ற உறுப்பு. ஆனால் மாறிலி ஒட்டாத கோவைகள் மட்டும் வாழும் உள்ளறைக்கு, அந்தச் சிறு மாட்யூலுக்கு? நூறு சாவி கொண்டுவாருங்கள். அந்த நூறிலும் வருபவை சில மாறிகளே. வரிசையில் அடுத்து நிற்கும் மாறி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆயிரம் கொண்டுவாருங்கள், அப்போதும் சிரிக்கும். மாளிகைக்கு ஒன்று, அறைக்கோ எத்தனை கொடுத்தாலும் போதாது!

தேர்வில் அந்த வாக்கியத்தை நிறுவச் சொன்னார்கள். நிறுவ முடியாது, தவறு என்று எழுதி, இந்த உதாரணத்தையும் எழுதினேன். பத்துக்குச் சுழி. ஐம்பது வேண்டிய இடத்தில் நாற்பத்துநான்கு. பேறுகாலத்தில் தேர்வுக்கு வராததையும் முன்பே தோல்வி என்று பதிந்துவைத்திருக்கிறது துறை. இரண்டு தோல்வி என்றால் பெயர் நீக்கம். நாளை காலை குழு கூடி என் பெயரை அடிக்கப்போகிறது.

வீட்டில் சொன்னேன். “நம்பரே இல்லாத கணக்குன்னு சொன்னியேம்மா, அப்ப மார்க்கை மட்டும் எப்படி நம்பர்ல போட்டாங்க?” என்று கேட்டார் அத்தை. துறையில் இல்லாத ஆராய்ச்சி மனம்!

தலைவரின் அறைக்குப் போனேன். ஆரஞ்சுச் சுளையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கவனத்தில் பாதி என் விடைத்தாளுக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

“ஏம்மா, இந்த நோட்ஸைப் படிச்சு எத்தனையோ பேர் வாத்தியார் ஆயிட்டாங்க. அவங்களுக்கு வராத சந்தேகம் உனக்கு மட்டும் ஏன் வருது? குழந்தை பொறந்தா கொஞ்ச நாள் மூளை அப்படித்தான் இருக்கும். போய் ரெஸ்ட் எடு.”

“இருக்கலாம் சார். அந்த ஒரு வரியை நிரூபிச்சுக் காட்டுங்க, போயிடறேன்.”

சுளையை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைந்திருக்கையில் பேசாதது பண்பாடல்லவா!

பின்வரிசைத் தம்பிகளே, சிரிக்காதீர்கள். அடுத்த பருவம் உங்களுக்கும் அதே பக்கம்தான்.

இதோ, துண்டுச்சீட்டு வருகிறது. நேரமாகிவிட்டதாம். பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன தலைவரே, இன்னும் இரண்டு நிமிடத்தில் என்ன வந்துவிடும்?

அவையோரே! பிழை குற்றமா? இல்லை. பிழை செய்யாதவர் கணிதமே செய்யாதவர். ஆனால் பிழையைப் பாடமாக்கி, பாடத்தைத் தேர்வாக்கி, தேர்வைத் தண்டனையாக்கினால் அதற்கு என்ன பெயர்? நாற்காலியின் உயரம் நிரூபணம் ஆகுமா? நரைத்த தலை தேற்றம் ஆகுமா? ஊரே தலையாட்டினால் பொய் மெய்யாகுமா? மேடையில் கரும்பலகை இருக்கிறது. சுண்ணக்கட்டி இருக்கிறது. எழுந்து வாருங்கள் தலைவரே. நிறுவுங்கள். குழுவுக்கு எதற்குச் சிரமம், என் பெயரை நானே அடித்துக்கொள்கிறேன்!

எழவில்லை. மாறாக இன்னொரு சீட்டு. “அந்த வரிக்கு ஒரு நிபந்தனை விட்டுப்போச்சு, சரிதான். அடுத்த வருஷ நோட்ஸ்ல சேர்த்துக்கலாம். தயவுசெஞ்சு இறங்கும்மா.”

ஒலிபெருக்கியிலேயே படித்துவிட்டேனா? மன்னியுங்கள், மேடைப் பதற்றம்.

வெளித்தேர்வாளர் அம்மையாரே, நாளைய குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். இந்தச் சீட்டை உங்கள் கையிலேயே தருகிறேன். என் மறுமதிப்பீட்டு மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தலைவருடையதுதான். சரிபார்த்துவிட்டேன், அதில் பிழை ஒன்றும் இல்லை. அதற்காக அவருக்கு நன்றி. எழுந்துபோகாமல் கேட்ட உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்.