அது புகை அல்ல

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, என் கணவரோடு சோதனைக்கூடத்தில் பணிபுரிந்தவர்களே, எங்கள் துயரத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் உறவினர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு முன் பேசியவர்கள், "வாழ்நாள் முழுவதும் கார்ப் புகையை அளந்தவர்" என்று அவரைப் புகழ்ந்தார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் அது புகை அல்ல. புகை கண்ணுக்குத் தெரியும். என் கணவர் அளந்தது கரியமில வாயுவை. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. பளபளவென்று கழுவித் துடைத்த காரும் அதை வெளியே விட்டுக்கொண்டுதான் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குறைத்துச் சொன்னால் யார் கண்டுபிடிப்பார்? அந்தத் தைரியத்தில்தான் கார் தயாரிப்பவர்கள் பலர் அவரிடம் வந்தார்கள்.

உறவினர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் காரை உருளைகள் மேல் ஏற்றி, அசையாமல் கட்டி ஓட்டுவார்கள். பின்குழாயில் வருவதைப் பைகளில் பிடித்து, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். "நாள் பூரா வண்டி ஓட்டினேன், வாசலைத் தாண்டலை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கருவி பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். பார்த்த பிறகும் பார்ப்பார். அதனால் உங்களுக்கெல்லாம் அவர் 'பூஜ்ஜியம் ஸார்'. முதன்முறை ஒருவர் தொலைபேசியில், "பூஜ்ஜியம் இருக்காரா?" என்று கேட்டபோது, "அப்படி இங்கே யாரும் இல்லை" என்று வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த என் கணவர் சிரித்தார். "என்னைத்தாம்மா கேட்டிருப்பாங்க. அது பட்டம் இல்லை, பதவி" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்த நிறுவனம் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. கடைசியாக அவர் சோதித்த கார், தயாரித்தவர்கள் சொன்னதைவிட அதிகம் காட்டியது. அவர்களுடைய ஆள் எங்கள் வீட்டு வரவேற்பறைக்கே வந்தார். அளவு குறையும்படி டயரில் காற்றை இறுக்கி, பின்சீட்டைக் கழற்றி, இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாமே என்றார்.

"சொற்பக் கிராம்தானே ஸார்? காத்தோட போறதுதானே?"

"காத்தோட போறதுதான் தம்பி பிரச்சினை. காபி ஆறுது, குடிங்க."

அந்த வாரமே என் கணவருக்கு மூச்சுத் திணறியது. அறிக்கை கையெழுத்தாகாமல் நின்றது.

மருத்துவமனையில் அவர் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். அவர் விடும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு என்று ஒரு திரை காட்டியது. அவரையே அளந்தார்கள். அவர் செவிலியரிடம் கேட்டார்:

"பூஜ்ஜியம் பார்த்தீங்களாம்மா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "மெஷின் சரியா இருக்கான்னு கேக்கறார். பார்த்துச் சொல்லிடும்மா, இல்லேன்னா தூங்க மாட்டார்" என்றேன். அவள் சோதித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு தாத்தா" என்றாள்.

"அப்போ சரி" என்றார்.

அந்த எண் ஏறினால் நுரையீரல் தளர்கிறது என்று பொருள்; அது ஏறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் தினமும், "அந்தக் காருக்குக் கையெழுத்து ஆச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு பதில் சொல்லி அவரை ஏமாற்ற முடியுமா? கையெழுத்தாகுமா என்று தெரியாமலே போய்விட்டார்.

இன்று காலை, அவர் வேலை பார்த்த சோதனைப் பிரிவின் தலைவியாக இருக்கும் பெண் என் வீட்டுக்கு வந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா. ஸார் எடுத்த அளவுதான். ஒரு கிராம்கூடக் குறைக்கலை."

"பயமா இருக்கா?"

"இருக்கும்மா. வேற ஊருக்கு மாத்திடுவாங்கன்னு இப்பவே பேசறாங்க."

தனியாகச் சொன்னதைச் சபையறியச் சொல்கிறேன். அவள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். இயக்குநர் அவர்களே, கையெழுத்தாகிவிட்டது. இங்குள்ள அனைவரும் கேட்டாயிற்று. அவர் பணியைத் தொடர்வோம் என்று சற்றுமுன் நீங்கள் உறுதியளித்தீர்கள். தொடர்வது என்றால் இதுதான்.

என்னால் உருளை மேல் கார் ஓட்ட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் மேசை காலியானால், ஏன் என்று கேட்க வருவேன். நடக்க முடியும்வரை வருவேன். என் கணவருக்கு நான் தரும் உறுதி அது ஒன்றே.

இப்போது மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்போம். அவள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். யாராவது போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள்.