பால் சேராத மாப்பிள்ளை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும். அக்காள் மடியில் பூவும் பழமும். தம்பிக்குப் புதுச்சட்டை. பெண் பார்க்கப் போகிறார்கள்.

“யக்கா, வயிறு பொருமுதுன்னு டாக்டர்ட்ட போனேம்லா? பால் சர்க்கரை எனக்குச் செரிக்காதாம்.”

“அப்ப கருப்பட்டி போட்டுக் குடிலே.”

“நாம போடுற சர்க்கரை இல்லக்கா. பாலுக்குள்ளயே இருக்கிற சர்க்கரை.”

“பாலுக்குள்ள யாருலே சர்க்கரை போட்டா? மாடா?”

பக்கத்தில் நின்றவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

“சொல்லிருவோம்க்கா. தட்டு நெறைய பால்கோவாதான் வைப்பாக.”

“கோட்டிக்காரப் பயலே! பால்கோவாக் கடைக்காரர் வீட்டுல போயி பால் ஆகாதுன்னு சொன்னா பொண்ணு குடுப்பாகளா? வாயத் தொறக்காத.”

“அப்ப வயிறு?”

“வயிறு நாளைக்குச் சரியாயிரும். பொண்ணு நாளைக்குக் கெடைக்குமா?”

அக்காளின் போன் அடித்தது. பேருந்து இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டார். பெண்ணின் அம்மா பேசினார்.

“தாயி, ஒரு விசயம் முன்கூட்டியே சொல்லிருதேன். எங்க புள்ளைக்குப் பால் சாமான் எதுவும் ஒத்துக்கிடாது. உள்ளூர்ல தெரிஞ்சா யாவாரம் படுத்துரும். அதான் வெளியூர் மாப்பிள்ளையாப் பாத்தோம். இன்னைக்கு அக்கம்பக்கத்து ஆளுகளும் இருப்பாக; தட்டுல அவ பங்கையும் மாப்பிள்ளைதான் சாப்பிட்டுக் காப்பாத்தணும்.”

“அதுக்கென்ன அத்தை! பால்கோவான்னா இவனுக்கு உசுரு.”

எதிரே ராஜபாளையம் திரும்பும் பேருந்து ஒன்று போனது. அது கண்ணுக்கு மறையும்வரை தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.